நத்தை மூளையும் பாகு மாஸ்டர் மூக்கும்

வெல்லப்பாகு கருகிப் புகைந்தபோது செண்பகராஜ் அதன் முன்னால்தான் கரண்டியோடு நின்றிருந்தார். புகை கண்ணில் ஏறிய பிறகே விஷயம் தெரிந்தது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்காரர்களில் மூக்கை வைத்தே பாகுப் பதம் சொல்கிறவர் என்று பெயரெடுத்த மனிதர் அவர்.

"ஏலே, தீயிஞ்ச வாடை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அடிக்குது. ஒனக்கு மட்டும் தனியாச் சொல்லி விடணுமா?" என்றார் முதலாளி பெருமாள்சாமி.

"போன் வந்துச்சு அண்ணாச்சி."

போனும் வரவில்லை, வாடையும் வரவில்லை. போன வருஷம் காரணமே இல்லாமல் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவரைத் திருநெல்வேலி டாக்டரின் மாத்திரைதான் எழுப்பி விட்டது. எழுந்தவர் மூக்கைப் படுக்கையிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தார். வேலை போய்விடும் என்று தெரிந்தும் பயம் வரவில்லை. பயம்கூட மணம் மாதிரிதான் போலிருக்கிறது.

மாத்திரையை நிறுத்தினால் மூக்கு திரும்புமா? டாக்டர் "பாப்போம்" என்றார். மனைவி ராதாமணி "எல்லாம் சரியாயிரும்" என்றாள். மிச்சமிருந்தது அக்கா மகள் பூங்கொடி. கல்லூரியில் நத்தையின் மோப்பத்தை ஆராய்கிறவள்.

அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கே போனார். ஓடில்லாத நத்தை அது. கரிசல் வெயிலுக்குத் தாங்காது என்று மலையிலிருந்து கொண்டுவந்து குளிர்பெட்டியில் வளர்த்தாள். சின்னக் கிண்ணத்து உப்புநீரில் கடுகளவு ஒன்று கிடந்தது. பக்கத்துத் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கியது.

"அதோட மூளை மாமா. மோப்பம் பிடிக்கிற இடம். மணமே இல்லன்னாலும் இந்த அலை ஓடிக்கிட்டுதான் இருக்கும். மணம் பட்டா மாறும்."

"ஒடம்பு?"

"இல்ல."

"வலிச்சிருக்குமோ, பாவம்" என்றார். பிறகு, "ஒடம்பு இல்லாமலே ஓடுதா? நம்ம சாதிதான்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு சொட்டு விட்டாள். அலை வேகம் பிடித்தது.

"செரட்டோனின்னு ஒரு ரசாயனம். நம்ம மூளையிலயும் இருக்கு. உங்க மாத்திரை அதத்தான் மூளையில கொஞ்சம் கூடுதலாத் தங்க வைக்குது."

"அப்ப மாத்திரைய விட்டா எனக்கு வாடை வருமா?"

"இது நத்தை மாமா. டாக்டர்ட்ட கேளுங்க."

"கேட்டாச்சு. இன்னைக்கு ராத்திரியிலயிருந்து விடப்போறேன்" என்றார், நாளைக்கு முடிவெட்டப் போகிறேன் என்பதுபோல. "ஏட்டி, நத்தைகிட்ட அம்புட்டுக் கேள்வி கேக்குத. மாமன் ஒண்ணு கேட்டா மட்டும் டாக்டர்ட்ட தள்ளி விடுத."

பூங்கொடி கையுறையைக் கழற்றினாள். திரையில் அலை ஓடிக்கொண்டே இருந்தது.

"மூக்கு திரும்புமான்னு எனக்குத் தெரியாது மாமா. போனது மாத்திரையாலயா, சீக்காலயான்னும் தெரியாது. ஆனா நீங்களா நிப்பாட்டினா மறுபடி சுவத்தப் பாத்துப் படுத்துருவியளோன்னு பயமா இருக்கு. அத்தைக்கும் அதே பயந்தான். அதச் சொல்ல முடியாமதான் எல்லாம் சரியாயிரும்னு சொல்லிக்கிட்டுத் திரியுதா."