குகை விளையாட்டின் இரண்டாம் பாகம்

இரண்டாம் பாகத்தில் நிறங்களாவது கூடியிருக்கின்றனவாம், அதையாவது சிமியோன் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், என்று நினைத்தபடியே சோமசேகரம் கசெற்றை ஓடவிட்டான், தொலைக்காட்சித் திரையின் ஓரங்களில் சிவப்பும் நீலமும் கோடுகோடாக ஓடத் தொடங்கின, கூடவே அந்தச் சத்தம், போத்தலுக்குள் அகப்பட்ட வண்டின் சத்தம்... விளையாட்டு கணினிக்குள் முழுதாக ஏறும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், முன்பெல்லாம் இந்த நேரத்தில்தான் இரண்டுபேரும் வாய் ஓயாமல் கதைப்பார்கள். இப்போது சிமியோன் பக்கத்துக் கதிரையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறான், ஆனால் வந்திருக்கிறானே, சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, கூப்பிட்டதும் உள்ளே வந்தானே, அது போதாதா? காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் தான் ஆய்வுகூடத்திலும் அவன் வரைபடப் பகுதியிலும் இருந்த காலம், எண்பத்தைந்தோ ஆறோ, கப்பலில் வேலை செய்த இளையதம்பி அத்தான் சிங்கப்பூரிலிருந்து இந்தக் கணினியையும் விளையாட்டின் முதற்பாகத்தையும் கொண்டுவந்து தந்தார், இங்கிலிசில் அதற்கு நீளமான ஒரு பெயர், அவர்கள் இரண்டுபேருக்கும் அது குகை விளையாட்டு. நாலுபேரை உருவாக்கி, பெயர் வைத்து, ஊரிலிருந்து குகைக்குக் கூட்டிப்போக வேண்டும், போகப்போக அவர்களுக்குப் பலம் ஏறும். சிமியோன் சதுரக் கோட்டுத் தாளில் ஒவ்வொரு குகையையும் பென்சிலால் வரைந்தான், தொழிற்சாலைக்குக்கூட அவ்வளவு வடிவாக வரைந்திருக்கமாட்டான், எந்தத் திருப்பத்தில் பூதம், எந்தக் கதவுக்குப் பின்னால் பாம்பு என்று எல்லாம் அதில் இருந்தது...

இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அத்தான் சொன்ன நாளிலிருந்து வாக்குவாதம். முதலில் செய்தவன் தன் பிழையைக் கண்டு திருத்தித்தானே இரண்டாவதைச் செய்வான், சீமெந்தும் அப்படித்தான், முதற்கலவை வெடித்தால் அடுத்த கலவை இறுகும், இது சோமசேகரத்தின் கட்சி. சிமியோன் சிரிப்பான். “ரெண்டாவது எண்டுறது முதலாவதின்ரை பேரிலை பிழைக்கிறது மச்சான்.” ரயிலில் காங்கேசன்துறைவரை இதே கதைதான், பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ சினிமாப்படம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு போன வருடம் ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் சிமியோனை அவன் ஒழுங்கையில் அயல்வீட்டுக்காரர் மூன்றுபேரோடு சேர்த்து ஆமிக்காரர் ஏற்றிப் போனார்கள். மாரி தொடங்கும் நேரம் அவன் திரும்பி வந்தான், இன்னொருவனும் வந்தான், மற்ற இருவரும் வரவில்லை. சிமியோன் பிறகு வேலைக்குப் போகவில்லை, யாராவது கதைத்தால் ஓம் என்பதோடு சரி. அவனுடைய தாய் நாகேஸ்வரி, கலியாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியும் பழைய பெயரை விடாத மனுசி, சந்தையில் சோமசேகரத்தைக் கண்டு, “தம்பி, நீ ஒருக்கா அவனைச் சிரிக்கப் பண்ணிவிடன்,” என்றார். சிரிக்கப் பண்ணுவது... அதற்கு என்னிடம் என்ன இருக்கிறது, இந்த இரண்டாம் பாகம்தான் இருக்கிறது, வந்து எவ்வளவோ நாளாகியும் தனியே போட்டுப்பார்க்க மனம் வராமல் வைத்திருந்தது.

சத்தம் நின்றது. திரையில் ஒரு கடற்கரை, உண்மையாகவே அசையும் அலை, கரையில் அவர்களுடைய நாலுபேர். எவ்வளவு வடிவு... சோமசேகரம் தன்னை மறந்து கதைக்கத் தொடங்கினான், இதில் பகலும் இரவும் மாறுமாம், ஊர்ச்சனம் கதைக்குமாம், அத்தோடு பார், முந்தி ஊருக்குள் வந்துவிட்டால் பயமில்லை, இப்போது அப்படியில்லை, எங்கே இருந்தாலும் எதுவும் வரலாம், அதுதான் திறம். சிமியோன் விரல்களை விசைகளில் வைத்தான். வைத்தானே, என்று சோமசேகரத்தின் நெஞ்சு குளிர்ந்தது. நால்வரும் மணலில் நடந்தார்கள், ஒரு கிழவனோடு கதைத்தார்கள், திரை மெல்ல மெல்ல ஊதா நிறமாகி இருண்டது, சத்திரத்துக்குள் போய்ப் படுத்தார்கள், ஜன்னலில் ஒரு சின்ன நிலா, அரியாலைக் கடலேரிப் பக்கமிருந்து வந்த காற்று ஜன்னல் சீலையைத் தூக்க, வெளியே நடுப்பகல் என்பதே மறந்துபோகிறது, நித்திரைக்குள் இருந்து பார்ப்பதுபோல... அப்போதுதான் கணினி தட்டியது. டக், டக், டக். சத்திரத்தின் கதவை யாரோ தட்டுகிறார்கள், திறக்கவா வேண்டாமா என்று கேட்கிறது. சிமியோனின் கைகள் மடிக்குத் திரும்பிவிட்டன.

“உது வேண்டாம், சோமு. பழையதைப் போடு.”

“ஏன்ரா, இதிலை எவ்வளவு...”

“முதலாவதிலை எது எங்கை நிக்குதெண்டு எனக்குத் தெரியும்.”

எதுவும் வரலாம், அதுதான் திறம் என்று சொன்ன வாய்... சோமசேகரம் கசெற்றை மாற்றினான், அவசரத்தில் ஒருமுறை பக்கம் மாறிப் போட்டான். மறுபடியும் வண்டு, மறுபடியும் கோடுகள், இந்தமுறை அவை நெடுநேரம் ஓடுவதுபோல் இருந்தது, கரண்ட் நின்றுவிடக்கூடாதே, சுன்னாகம் மின்நிலையத்தில் இப்போது எவனாவது கையை வைத்துவிடக்கூடாதே... அலையில்லாத, ஆள்கள் கதைக்காத அந்தப் பழைய ஊர் வந்தது, நாலு வீடு, ஒரு கிணறு, வடக்கே குகை. இதையா சிறந்தது என்பது? நிறமே மூன்றுதான். சிமியோன் நாலுபேரையும் கூட்டிக்கொண்டு போனான், வரைபடம் தேவைப்படவில்லை, குகைவாசல்வரை போய் அங்கே நின்று, திரும்பி வந்தான். கிணற்றைச் சுற்றினான், வீடுகளைச் சுற்றினான், பிறகும் வாசல்வரை, பிறகும் திரும்பி.

“உள்ளை போகேல்லையோ?”

“இல்லை.” நால்வரையும் மறுபடி கிணற்றடிக்குக் கொண்டுவந்து, “நாலுபேரும் இருக்கினம். எனக்கு அவ்வளவும் காணும்,” என்றான்.

சோமசேகரத்தின் மனைவி ஞானாம்பிகை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஆறமுதல் குடியுங்கோ சிமியோன் அண்ணை,” என்றாள். அவன் கோப்பையை எடுப்பதற்காக விசைகளை நண்பன் பக்கம் தள்ளினான், “நீ கொஞ்சம் நடத்து, நிக்கவிடாதை.” சோமசேகரம் நடத்தினான். இத்தனை வருடமும் எது திறம் என்று அளந்ததெல்லாம் எவ்வளவு தூரம் போகலாம், எத்தனையை வெல்லலாம் என்றுதானே, ஒருவன் போகாமல் இருப்பதற்காகவும் விளையாடுவானா, அப்படியென்றால் நான் சரியாகச் சொன்னேனா, இவன் சரியாகச் சொன்னானா, அல்லது இரண்டுபேரும் வேறு வேறு விளையாட்டைத்தான் ஆரம்பத்திலிருந்தே... சின்னச் சின்ன நாலு உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, கடைசியாள் பிந்தாமல் பார்த்துக்கொண்டான். சிமியோன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தான், கண் திரையிலேயே இருந்தது.

“என்னப்பா, வெல்லுறியளோ?” என்று ஞானாம்பிகை வாசலில் நின்று கேட்டாள்.

“ஓம்,” என்றான் சோமசேகரம், சொன்ன பிறகுதான் எதற்கு ஓம் என்றேன் என்று யோசித்தான், அதற்குள் திரையில் வீடுகள் முடிந்துவிட்டன, நால்வரையும் திருப்ப வேண்டியிருந்தது.