ஷாஃப்டில் மாட்டிய ஆல்டர்னேட்டர்

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், ஜீப் பேட்டரியில் ஓடிய ஆக்ஸிஜன் மெஷின் அபாயக் குரலில் கூவத் தொடங்கியது. ஜெயப்பிரகாஷ் ஜீப்பை ஒரு புங்கமரத்துக்கு எதிரே ஓரங்கட்டினான். பின்னால் அப்பா பிச்சைமுத்து, தங்கை அம்சவள்ளியின் மடியில் தலை வைத்துக் கிடந்தார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வெள்ளிமலையில் தன் வீட்டில் கண்ணை மூட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

"இன்னாணா, பேட்டரி எறங்கிடுச்சா?"

ஜெயப்பிரகாஷ் தலையாட்டினான். பழைய ஜீப் உடம்புக்குள் பம்புசெட் எஞ்சினைத் திணித்தவன் அவன்தான். எஞ்சினை ஒட்டி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை வைக்க விரல் நுழையும் இடம்கூட இல்லை. அடியில், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டில் புல்லி வைத்து, பெல்ட் போட்டு ஓடவிட்டான். "வண்டி ஓடனாத்தான்டா சார்ஜ் ஏறும்" என்று வடக்கனந்தல் லேத்துப் பட்டறைக்காரர் அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். நிற்பதற்கா வண்டி கட்டுகிறோம் என்று இவன் சிரித்தான். தன் மூளைமேல் அத்தனை கர்வம். சமவெளியில் ஒரு குறையும் தெரியவில்லை. முதல் கியரில் நத்தையாக ஏறும்போது ஷாஃப்டும் நத்தையாகத்தான் சுற்றும் என்பது இப்போது உறைத்தது. நிறுத்திவைத்து எஞ்சினை உறுமவிட்டாலும் ஷாஃப்ட் அசையாது.

"கீழ திரும்பிட்டா?" என்றாள் அம்சவள்ளி.

"எறக்கத்துல வேகமாப் போனா சார்ஜ் ஏறும். மூச்சு இருக்கும். வூடுதான் இருக்காது."

அப்பாவின் கை மடியிலிருந்து எழுந்து மேலே, மலைப்பக்கம் காட்டி விழுந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. 

ஜெயப்பிரகாஷ் குதித்து இறங்கினான். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கல்லை முட்டுக்கொடுத்தான். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினைக் கிளப்பி, நான்காவது கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான். அந்தரத்தில் சக்கரம் பறந்தது. ஷாஃப்ட் சுற்றியது. கூவல் அடங்கியது. அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது.

மிச்ச வளைவுகளுக்குப் போதுமான சார்ஜ் ஏற மணிக்கணக்காகும். டீசல் முள் அடியில் கிடந்தது.

வண்டியின் அதிர்வு தெரிந்திருக்க வேண்டும். கண் திறக்காமலே பிச்சைமுத்து கேட்டார்: "எங்க போய்க்கினு இருக்கறோம்?"

எதிரே அதே புங்கமரம் நின்றது.

"கிட்ட வந்துட்டோம் நைனா" என்றாள் அம்சவள்ளி.

ஜெயப்பிரகாஷ் காலை எடுக்கவில்லை. வேகமுள் அறுபதைத் தாண்டிக்கொண்டிருந்தது.