கல்லின் மேல் போட்ட பழி

கோர்தானாவுக்கு வெள்ளைப்படுகிறது என்று தெரிந்ததுமே மாமியார் ரத்மிலா பழியைத் தூக்கி வாசல்படி மேல் போட்டாள்.

"வெறுங்கல்லுல உக்காராதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். குளிர் ஏறிக் கருப்பை விறைச்சுப் போச்சு."

செர்பியாவில் பெண்ணுக்கு அடிவயிறு வலித்தால் குற்றவாளி குளிர்ந்த கல்தான். புருஷனை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ரத்மிலா கம்பளியில் உள்ளாடை பின்னினாள், போகிற இடமெல்லாம் போட்டு உட்கார மெத்தை தைத்தாள். சாமந்திப்பூ வெந்நீரில் உட்கார்ந்து கோர்தானாவுக்குத் தொடை வெந்ததுதான் மிச்சம். பச்சையும் மஞ்சளுமாக, நாற்றமும் அரிப்புமாக வந்தது நிற்கவில்லை.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுச் சொன்னாள்: "நிறமில்லாமயோ வெள்ளையாவோ, நாத்தமும் அரிப்பும் இல்லாம வந்தா உடம்பு தன்னைச் சுத்தம் பண்ணிக்குதுன்னு அர்த்தம். மாசத்து நடுவுல முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு வரும், அதுக்கும் பயப்பட வேண்டாம். இது கிருமி. கல்லுல ஒட்டாது, படுக்கையிலதான் ஒட்டும். ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிடணும். முடியறவரைக்கும் அவர் குடிக்கக் கூடாது, நீங்க சேரவும் கூடாது. அவர் சாப்பிடலேன்னா உங்களுக்குத் திரும்ப வரும். குழந்தை வேணும்ங்கறீங்க, அசட்டையா விட்டுடாதீங்க."

வியன்னாவுக்கு லாரி ஓட்டும் புருஷன் நெபோய்ஷா, "சாப்பிட்டுட்டேன்" என்றான். அவள் நம்பினாள். அவளுக்குக் குணமானது, அவன் தொட்டான், மறுபடி வந்தது.

குலசாமி விருந்தன்று காலை அவன் கோட்டை இஸ்திரி போட எடுத்தபோது பையில் மாத்திரை அட்டை கிடைத்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. கேட்டதற்கு, "எனக்கென்ன நோவு? விருந்துல நான் சாராயம் தொடலேன்னா ஊர் ஏன்னு கேக்காதா?" என்றான். அவளுக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றி எரிந்தது. ஊர் கேட்கும் ஒரு கேள்விக்கு இவள் வயிற்றையா விலை கொடுப்பது?

மெழுகுவத்தி ஏற்றியாயிற்று, விருந்தாளிகள் உட்கார்ந்தாயிற்று. ரத்மிலா பெருமூச்சு விட்டாள். "இவளுக்கு இன்னும் ஒண்ணும் தங்கல. கல்லுல உக்காந்து உக்காந்து கெடுத்துக்கிட்டா."

நெபோய்ஷா தலையை ஆட்டிக்கொண்டே முதல் கிண்ணத்தைத் தூக்கினான்.

கோர்தானா தன் மெத்தையை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். "எந்திரி. இதப் போட்டு உக்காரு."

"எதுக்குடி?"

"குளிர் உனக்குத்தான் முதல்ல ஏறிச்சு. வியன்னா ரோட்டுல எந்தக் கல்லுல உக்காந்தியோ, அத எனக்கும் கொண்டாந்து குடுத்துட்ட." மாத்திரை அட்டையை அவன் தட்டில் போட்டாள். "டாக்டர் உனக்குக் குடுத்தது. சாராயத்த வச்சுட்டு முழுங்கு."

"எல்லார் முன்னாடியுமா இதப் பேசுவ?" அவன் பல்லைக் கடித்தான்.

"என் கருப்பையப் பத்தி எல்லார் முன்னாடியும் பேசினாங்க. அப்ப நீ தலையாட்டிக்கிட்டுதான இருந்த."

ரத்மிலா அட்டையைப் பார்த்தாள், மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவள் எழுந்துபோய் அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிச் சாராயத்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

"முழுங்குடா" என்றாள்.