விரால் இல்லாத வருசம்

பங்குனி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் கண்மாய்த் தண்ணீர் குளிக்கக் காயவைத்தது மாதிரி சுட்டது. அழகுராஜா அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவைச் சேற்றில் குத்திக் குத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். சுற்றிலும் கெண்டைகள் வயிறு வெளுத்து மிதந்தன. ராத்திரி முழுக்கக் காற்றில்லாத புழுக்கம். விடிந்து பார்த்தபோது மிச்சமிருந்த மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடின. இந்த வருசம் மீன்பிடித் திருவிழா கிடையாது, உயிரோடு கிடைப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு விரால். வேடசந்தூரில் இருக்கிற அக்காவுக்கு.

அக்கா கண்ணம்மாள் நூல் மில்லுக்கு வேலைக்குப் போன இடத்தில் பவுல்ராஜைப் பிடித்துப்போய், சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அப்பா மொக்கைச்சாமி கண்ணை மூடினார். ஆனால் திருவிழா மீனை விற்கக் கூடாது, முதல் பங்கு வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். அழகுராஜா இரண்டையும் காப்பாற்றினான். வருசா வருசம் வாளியில் மீனோடு பஸ் ஏறுவான். படிக்கு வெளியே நின்று வாளியை நீட்டுவான். அக்கா உள்ளே போய் மீனை மாற்றிக்கொண்டு, கழுவிய வாளியைத் திருப்பிக் கொடுப்பாள். வாரேன்க்கா என்பான். சரிப்பா என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

முதல் வருசம் கொண்டுபோனது முழங்கை நீள விரால். பஸ்ஸில் அது துள்ளிய துள்ளில் பக்கத்துச் சீட்டுக்காரர் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். அப்போதெல்லாம் ஐப்பசியில் புதுத்தண்ணீர் வந்துவிடும். அது கண்டு மீன் முட்டையிடும், குஞ்சு தேறும், சித்திரை வரைக்கும் தண்ணீர் நிற்கும். பிறகு மழை தன் இஷ்டத்துக்கு வர ஆரம்பித்தது. மார்கழியில் ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டுப் போனது. மாசியிலேயே கோடை வந்து உட்கார்ந்தது. அயிரைதான் முதலில் காணாமல் போனது, பிறகு கெளுத்தி. விரால் வருசத்துக்கு வருசம் குட்டையாகிக்கொண்டே வந்தது. சூட்டையும் கலங்கலையும் தாங்குகிற ஜிலேபிக் கெண்டை மட்டும் பெருகிக் கிடந்தது. அப்புறம் இரண்டு வருசம் மழையே இல்லை. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. மீன் இல்லாததால் அவனும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. இந்த வருசம்தான் மழை பெய்து, வாய்க்கால் வழியே தண்ணீரோடு கொஞ்சம் மீனும் வந்தது.

உச்சி வெயில்வரை துழாவியும் விரால் அகப்படவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஜிலேபிகள்தான். அதுவும் வீடு வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிட்டது. இதைக் கொண்டுபோய் எப்படி நீட்டுவது என்று பெண்சாதி நாகஜோதியிடம் புலம்பினான். அவள் மீனை உரசிக் கழுவிக்கொண்டே நிமிராமல் கேட்டாள்.

“மீனு இருந்தாத்தான் அக்காவா?”

வாளியை அங்கேயே விட்டான். குளித்துவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பஸ்ஸில் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தான், முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை முன்னால் நின்று யோசித்தான். ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிப்போனால் ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போவது மாதிரி இருக்கும் என்று தோன்ற, வெறுங்கையோடே அடுத்த பஸ் ஏறினான்.

கண்ணம்மாள் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். முதலில் அவன் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

“மீனு இல்லக்கா. கம்மாயே வெந்துபோச்சு,” என்றான்.

படிக்கு வெளியே நின்றபடி அவன் சொல்லத் தொடங்கினான். தண்ணீர் சுட்டதை, கெண்டைகள் வாய் திறந்து மூடியதை, காக்கைகூட ஒரு அளவுக்கு மேல் தின்னாமல் கரையில் உட்கார்ந்திருந்ததை எல்லாம் சொன்னான். இத்தனை வருசத்தில் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ரெண்டு வருசமா நீ வரல,” என்றாள். “மழை இல்லாமத்தான்னு எனக்குத் தோணல அப்பு. நீயும் என்னைய வேண்டாம்னு விட்டுட்டன்னு நெனச்சேன்.”

“மீனு இல்லாம எப்பிடி வாரதுன்னு தெரியலக்கா.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உள்ள வா. சாப்பிடு.”

படியைக் குனிந்து பார்த்தான். ஓரம் உடைந்த சிமெண்டுப் படி. அப்பாவின் முகம் ஒரு கணம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி உள்ளே வைத்தான்.

சின்ன அறை. சுவரில் மாதா படம், அதன் பக்கத்தில் அவர்கள் அம்மாவின் படம். கண்ணம்மாள் தட்டை வைத்து, வெஞ்சனம் கத்திரிக்காய்தான் என்று சொல்லிக்கொண்டே குனிந்து சோறு போட்டாள். அவள் தலைமுடியெல்லாம் மில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதில் ஒரு துணுக்கு ஆடி ஆடி இறங்கிச் சோற்றின் மேல் உட்கார்ந்தது. அவள் குழம்புச் சட்டியை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அழகுராஜா அதை விரல்நுனியால் எடுத்தான். எங்கே போடுவதென்று தெரியாமல் இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தான்.