சீவாளிப் பெட்டி

எண்பத்து நான்கு பங்குனியில், அரியலூர் தியேட்டரில் பகல் காட்சிக்குத் தம்பி காசிநாதனை நான்தான் கைபிடித்து அழைத்துப் போனேன். ஜெயங்கொண்டம் காசிநாதன் நாகசுரம் என்றால் சிங்கப்பூர் வரை தெரியும். அவன் கதையைப் பெயர்களை மட்டும் மாற்றிப் படமாக எடுத்திருந்தார்கள். தியேட்டர்காரர் வாசலில் மாலை போட்டார். முதல் மாலை அவனுக்கு, அடுத்தது எனக்கு. முப்பது வருஷம் அவன் எங்கே வாசிக்கலாம், எங்கே கூடாது என்று தீர்மானித்தவன் நான். அந்த மாலை எனக்கு உரியதுதான்.

படக்காரர்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு நாள் உட்கார்ந்து குடும்பப் பெருமையைச் சொன்னதும் நான்தான். அப்பா காலத்துச் சீவாளிப் பெட்டியைக்கூடப் படப்பிடிப்புக்குக் கொடுத்தனுப்பினேன். வாயில் வைத்து ஊதுகிற அந்தச் சின்னச் சீவாளி இல்லாவிட்டால் நாகசுரம் வெறும் கட்டை. பெட்டி திரும்பி வந்ததும் பழையபடி பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன்.

கால் மணி நேரத்தில் திரையில் பெட்டி வந்தது. மூடியில் அப்பா செதுக்கிய மயில்.

"நம்ம பெட்டிடா" என்று காசியின் தொடையைத் தட்டினேன். பிறகுதான் அதைக் கக்கத்தில் இடுக்கியிருந்த ஆளைப் பார்த்தேன். படத்தில் வித்துவானுக்கு மேனேஜர். என்னைப் போலவே நரைத்த மீசை, இடது தோளில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரம்.

வயலில் வேலை செய்கிற சிநேகிதன் தன் கல்யாணத்துக்கு வாசிக்கக் கூப்பிடுகிறான். வித்துவான் மேனேஜரின் காலைப் பிடித்துச் சீவாளி கேட்கிறான். மேனேஜர் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறுகிறான்.

அது மாயவன் கல்யாணம். எங்கள் நிலத்தில் கூலிக்கு இருந்தவன். சின்ன வயசிலிருந்தே காசிக்கு உயிர். அந்தத் தெருவில் போய் நாம் வாசிப்பதா என்று அன்றைக்குக் கும்பகோணம் பஸ் ஏறியவன் நான். அதைப் படக்காரர்களிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அன்று காசி என் காலைப் பிடித்த அறையில் இருந்தது நாங்கள் இரண்டே பேர்.

"அடேய் கட்டையில போறவனே, சாவியக் குடுத்துட்டுப் போடா!" முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினாள். கொட்டகையே சிரித்தது.

"நீ சொன்னியா?" என்றேன்.

"கேட்டாங்கண்ணே."

"எந்திரி. வூட்டுக்குப் போவலாம்."

"இருங்கண்ணே. கல்யாணம் முடியட்டும்."

நான் எழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஆள் நான்தான் என்று நானே சொன்னதாகிவிடும். மாலையோடு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் வித்துவான் உலக்கையால் பெட்டியை உடைத்தான். அன்று காசி உடைக்கவில்லை. மறுநாள் நான் திரும்பியபோது பெட்டிக்குப் பக்கத்திலேயே சுருண்டு படுத்திருந்தான். மாயவன் அதன் பிறகு எங்கள் வயலில் கால் வைக்கவில்லை. திரையில் இருந்தவனோ வரப்பில் ஓடி, பந்தலுக்குள் நின்று கல்யாணி வாசித்தான்.

பக்கத்தில் காற்றுச் சத்தம் கேட்டது. முன்பற்கள் விழுந்து நான்கு வருஷமாகக் காசி நாகசுரத்தைத் தொடுவதில்லை. சீவாளி வாயில் நிற்காது. இப்போது அவன் கன்னம் உப்பியிருந்தது. குவிந்த உதட்டிலிருந்து வெறும் காற்று வந்துகொண்டிருந்தது. விரல்கள் முழங்காலின் மேல் ஏறி இறங்கின.

வேட்டிக்குள் கையை விட்டு அரைஞாணைத் தடவினேன். சாவி இருந்தது. வியர்வையில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன். திரையில் கெட்டிமேளம் கொட்டியது. காசி ஊதிக்கொண்டே இருந்தான்.