சொந்தப் பேர்

அப்பாவின் மூச்சு காலை ஏழரைக்கு நின்றது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான மகனுக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. அம்மா வாய்விட்டு அழுதால் கூடவே தங்கள் மதத்தின் பிரார்த்தனையும் வெளியே வந்துவிடும். ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினான். பெற்றவளின் வாயை, புருஷன் செத்த அன்றைக்கு.

எட்டு மாதத்துக்கு முன் வீடு தேடிப் பதினோரு வாசல் ஏறி இறங்கியிருந்தான். பேரைக் கேட்டதும், "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். பன்னிரண்டாவது வாசலில் வாயில் வந்த வேறொரு பேரைச் சொன்னான். சாவி கைக்கு வந்தது. அன்றிலிருந்து அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டாள்.

"பொய் எத்தனை நாளைக்குடா சோறு போடும்?" என்று அப்பா கேட்டார்.

"சோறு நான் போடுறேன்ப்பா. அது கூரை குடுத்தாப் போதும்."

கிழவர் சிரித்துவிட்டார். படுக்கையில் விழுந்தபின் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என்னை மண்ணுல வச்சிருங்க."

வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதுதான் கொடுமை. சேதி கேட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். நாற்காலிகள் வந்தன. அவர் மனைவி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒண்ணுக்கும் அலைய வேணாம் தம்பி. மின்மயானத்துல பதினோரு மணிக்குச் சொல்லிடறேன்" என்று அவர் போனைக் காதில் வைத்தார்.

அவன் திரும்பிப் பார்த்தான். உள்ளறை வாசலில் மனைவி ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பதினோரு வாசல் ஏற அவள் காலில் தெம்பில்லை.

"சரிங்கண்ணே" என்றான்.

அம்மா தலையை நிமிர்த்தினாள். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எட்டு மாதமாக அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டிராத, அப்பா வைத்த பேர். வீட்டுக்காரர் காதில் போனோடு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் யாருமில்லை.

"என்னம்மா" என்றான் மகன்.

"வீடு போனாப் போவுதுடா. அவர நெருப்புல போடாத."

போனில் மட்டும் யாரோ, "ஹலோ, இறந்தவர் பேரு என்னங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரின் மனைவியுடைய கை அம்மாவின் தோளிலேயே கிடந்தது. தட்டிக்கொடுப்பது நின்றிருந்தது, கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.