எரியாத வாயு

பஸ்ராவுக்கு மேற்கே, எங்கள் எண்ணெய் வயலில் வாயுவை எரிக்கும் மூன்றாம் கோபுரத்தில் தீ அணைந்தபோது பக்கத்துக் கிராமத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கொடியில் காயும் துணியில் கரி படியவில்லை. எனக்குத்தான் மகிழ்ச்சி இல்லை. எண்ணெயோடு வரும் வாயு நின்றுவிடவில்லை. எரியாமல் அப்படியே காற்றில் போய்க்கொண்டிருந்தது. எரிந்த புகையைவிட அது பூமியைப் பல மடங்கு சூடாக்கும்.

வயல் வெளிவிடும் வாயுவைக் கணக்கிட்டுத் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்புவது என் வேலை.

"மூணாம் கோபுரத்துக்கு 'எரிப்பு இல்லை'ன்னு போட்டுடு ஹனாதி," என்றார் மேலாளர் முஹன்னத்.

"எரியலதான் உஸ்தாத். ஆனா வாயு போயிட்டே இருக்கு. பாருங்க."

கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் காட்டும் கேமராவை அவரிடம் நீட்டினேன். கோபுர உச்சியிலிருந்து கருமேகம் சுருள்வதைப் பார்த்தபடியே அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

"எரிச்சது எவ்வளவுன்னுதான் தலைமையகத்துல கேக்குறான். எரிக்காம விட்டதை எவன் கேட்டான்?"

எரியாமல் போன வாயுவை நானே மதிப்பிட்டு அனுப்பினேன். 'சென்ற ஆண்டைவிட மிக அதிகம், திருத்தவும்' என்று திரும்பி வந்தது. மீண்டும் அனுப்பினேன். அதே வரி. தலைமையகத்துக்குப் போன் செய்தேன்.

"உங்க எண்ணைப் போட்டா கணினி சிவப்பு காட்டுது, சகோதரி."

"காட்டட்டுமே. அதுக்குத்தானே வச்சிருக்கு?"

"பச்சையானாதான் மேல போகும்."

அந்த அறிக்கை என் எண் இல்லாமலே மேலே போனது.

கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் அபூ ஜவாதிடம் போய், தீயையாவது பற்றவைக்க முடியாதா என்று கேட்டேன்.

"பத்தவைக்கிற குழாய் அடைச்சிருக்கு மகளே. புதுசு கிடங்குல கிடக்கு. முஹன்னத் கையெழுத்துப் போடணும். எரியலன்னா எண் குறையுதே, என்ன அவசரம்ங்கறாரு."

அன்று காற்று அந்த வாயுவை வெல்டிங் கொட்டகைப் பக்கம் கொண்டுபோனது. பாதுகாப்புப் பொறுப்பும் என்னுடையதுதான். தீப்பொறி பறந்தால் ஆட்கள் கருகிவிடுவார்கள் என்று எழுதி, கொட்டகை வேலையை நிறுத்தினேன். வேலை நின்றதும் முஹன்னத்தின் பேனா திறந்தது. மாலைக்குள் குழாய் மாறி, தீ எரிந்தது. கிராமத்துப் பெண்கள் துணியை உள்ளே எடுத்துக்கொண்டே எங்களைத் திட்டினார்கள்.

அடுத்த அறிக்கையில் எரித்த வாயுவின் கணக்கு ஏறியது. உமிழ்வு ஏன் கூடியது என்று தலைமையகம் விளக்கம் கேட்டது.

"பத்தவச்சது நீ. பதிலும் நீயே எழுது," என்றார் முஹன்னத்.

எழுதினேன். முன்பு எரியாமல் போனதையும் சேர்த்தால் உமிழ்வு குறைந்துதான் இருக்கிறது என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: முந்தைய அறிக்கையில் அப்படி எதுவும் பதிவாகவில்லை.